வளையல் நுழையாத கிளாஸ்

முனியம்மாளைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலில் என் அசட்டுத்தனத்தைப் பற்றி எழுதியாக வேண்டும். ஊரார் சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சுந்தரராமன். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு, 1992-ல் ஆழ்வார்பேட்டையில் ஒரு தெரு முனையில் ஜூஸ் கடை போட்டேன். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. ரோஸ்மில்க், நன்னாரி சர்பத், சாத்துக்குடி, சித்திரை வெயிலில் மோர். கடையில் இரண்டே பேர்தான். கலந்து கொடுப்பது நான், கழுவி வைப்பது முனியம்மாள். கடை வாடிக்கையாளர்களைக் கேட்டால் இந்த வரிசையை மாற்றித்தான் சொல்வார்கள்.

அவளுக்கு அப்போது முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். குள்ளமான உருவம். குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு. இரண்டு கையிலும் முழுக்கக் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும் கலந்து. கோட்டூர்புரம் பக்கம் ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவாள். வந்ததும் மூன்று வாளிகளை வரிசையாக வைப்பாள். முதலாவதில் சோப்புத் தண்ணீர், மற்ற இரண்டிலும் நல்ல தண்ணீர். டம்ளருக்குள் கையை விட்டு அடியில் ஒரு விரலை அழுத்திச் சுற்றுவாள். 'கீச்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பால் பிசுக்கு போகவில்லை என்று அர்த்தம், டம்ளர் மறுபடியும் முதல் வாளிக்குப் போகும். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். என் வீட்டில் இவ்வளவு சுத்தமாக யாரும் டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. இதை வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

கழுவுவது மட்டுமா? கடையின் வைத்தியரும் அவள்தான். தினமும் மாலை நடைக்கு வரும் வேம்பு மாமா, ரிடையரான கணக்கு வாத்தியார், ரோஸ்மில்க் என்று வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்.

"சக்கர கீதுன்னு போன வாரம்தான சொன்ன பெரிவரே? சார், அவருக்கு மோரு குடு."

மாமாவும் மோர்தான் குடித்துவிட்டுப் போவார். அவளை எதிர்த்துக்கொண்டு அந்தத் தெருவில் யாரும் எதையும் குடித்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடையில், 1996 கோடையில் நான் என் மூளையைப் பயன்படுத்தினேன். எதிர்ச்சாரியில் ஏ.சி. போட்ட ஐஸ்கிரீம் பார்லர் ஒன்று வந்திருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே டி.வி.யில் பாட்டு, உயரமான நாற்காலிகள். காலேஜ் கூட்டம் முழுக்க அங்கே போயிற்று. பி.காம். படித்துக்கொண்டிருந்த என் பெண் மாளவிகா ஒருநாள் கடைக்கு வந்து, எங்கள் டம்ளர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அடி கனத்து, வாய் அகன்று, நாலு விரற்கடை உயரத்தில் இருக்கும் சாதாரண டம்ளர்கள்.

"அப்பா, ரோஸ்மில்க் நன்னாத்தான் இருக்கு. ஆனா இந்த டம்ளர்ல குடுத்தேள்னா என் ஃப்ரெண்ட்ஸ் யாரும் வரமாட்டா. பாக்கறதுக்கே ஒரு இது வேண்டாமா?"

அந்த 'இது'வைத் தேடிக்கொண்டு பூக்கடை மார்க்கெட் பக்கம் போனேன். ஹனீஃபா பாய் என்பவரின் மொத்தக் கடையில் அப்போதுதான் வெளிநாட்டுச் சரக்கு இறங்கியிருந்தது. இடுப்பை ஒடித்து நிற்கிற மாதிரி, அடியிலிருந்து நுனிவரை முறுக்கிக்கொண்டு போகும் ஒல்லியான உயரக் கிளாஸ். அப்புறம், பூட்ஸ் வடிவத்தில் ஒரு கிளாஸ். குதிகால், மூக்கு, கயிறு கட்டும் ஓட்டை எல்லாம் கண்ணாடியிலேயே இருந்தது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

ஹனீஃபா பாய் நியாயமான மனுஷர். "ஐயரே, ஷோகேஸ்ல வெக்கிறதுக்குன்னா தாராளமா எடுத்துட்டுப் போங்க. கடைக்குன்னா கழுவணுமே, அத யோசிச்சுக்குங்க" என்றார்.

நான் யோசித்தேன். முறுக்குக் கிளாஸுக்குள் என் கையை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் விரல் அடிவரை போனது. பூட்ஸின் மூக்குக்குள்ளும் இரண்டு விரல் நுழைந்தது. "பேஷா போறதே!" என்று முறுக்கு மூன்று டஜனும் பூட்ஸ் ஒரு டஜனும் கட்டச் சொல்லிவிட்டேன்.

பூட்ஸ் ஒரே நாளில் தோற்றது. முதல் கிளாஸை வேம்பு மாமாவிடம்தான் நீட்டினேன், மோர் ஊற்றி. அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்ன ஓய் இது, செருப்புல ஊத்தித் தரேள்? எனக்கும் உமக்கும் என்ன பகை?"

மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை மனிதர்களுக்குச் செருப்பு வடிவத்தில் குடிக்கக் கொடுக்கலாம் என்று எனக்கு எப்படித்தான் தோன்றிற்றோ! அந்த ஒரு டஜனும் அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போயிற்று.

முறுக்குக் கிளாஸுக்கு வேறு வியாதி. எங்கள் பெரியவர்கள் யாரும் உதடு வைத்துக் குடிக்க மாட்டார்கள். அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வார்கள். இந்தக் கிளாஸைச் செய்தவனுக்கு உலகத்தில் இப்படி ஒரு ஜாதி இருப்பது தெரியாது போலிருக்கிறது. அண்ணாந்தால் ஐஸும் சப்ஜா விதையும் முறுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். ஒன்றும் வராது. இன்னும் கொஞ்சம் சாய்ப்பார்கள். அப்போதும் வராது. என்னடா இது என்று ஒரு குலுக்குக் குலுக்கினால் மொத்தமும் ஒரே பாய்ச்சலாக மூக்கிலும் சட்டையிலும் இறங்கும். ஒரு வாரத்தில் நாலு வெள்ளைச் சட்டைகளை ரோஸ் கலராக்கினேன். பெரியவர்களுக்குப் பழைய டம்ளரும், வாய் வைத்துக் குடிக்கும் காலேஜ் பிள்ளைகளுக்கு முறுக்குக் கிளாஸும் என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் நிம்மதி வந்தது. பிள்ளைகளும் வந்தார்கள். மாளவிகா சொன்னது சரிதான். எதிர்க் கடையிலிருந்து கிளம்பி, கிளாஸைப் பார்ப்பதற்கென்றே ரோடு தாண்டி வந்தார்கள்.

முனியம்மாள் மட்டும் முதல் நாளிலிருந்தே அந்தக் கிளாஸோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாள்.

"இன்னா சார் இத்த வாங்கியாந்துகீற? கை அடில பூறல. வளையலு வாயிலயே நிக்கிது."

உண்மைதான். பழைய டம்ளரில் விரல்கள் உள்ளே போனாலே அடி எட்டிவிடும். இதில் மணிக்கட்டும் தாண்டி உள்ளே போக வேண்டும். அவள் வளையல் கிளாஸின் விளிம்பில் இடித்து நின்றுவிடும். விரலுக்கும் அடிக்கும் நடுவே இரண்டு அங்குலம் பாக்கி. பாட்டில் கழுவும் பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். அது முறுக்கு திரும்பும் இடத்தில் தானும் மடங்கிக்கொண்டு, சப்ஜா விதையைத் தொடாமல் வெளியே வந்தது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்துப் பார்த்தாள், குச்சியில் துணி சுற்றிப் பார்த்தாள். அந்த 'கீச்' மட்டும் வரவில்லை. அது வராத கிளாஸை அடுக்கி வைக்கும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிப்போகும்.

மே மாதக் கடைசியில் ஒரு மாலை. கடை முன்னால் பதினைந்து பிள்ளைகள். ஒரு பெண் கிளாஸைத் திருப்பி நீட்டினாள். "அங்கிள், அடியில என்னமோ ஒட்டிண்டு இருக்கு. கழுவவே இல்லையா?" நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. உள்ளே திரும்பிக் கத்தினேன்.

"ஏம்மா, அஞ்சு நிமிஷம் அந்த வளையலைக் கழட்டி வெச்சுட்டுக் கழுவினாத்தான் என்ன? உசிரா போயிடும்?"

எப்போதும் நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். அன்று வாளிகளில் கிடந்த அத்தனையையும் கழுவினாள். வாளிகளைக் கவிழ்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வேம்பு மாமா ரோஸ்மில்க் கேட்டார், தடுக்க ஆளில்லை. குடித்துவிட்டு, "அவ இல்லாம நன்னாவே இல்லை ஓய்" என்றார். நாலாவது நாள் கடையை மத்தியானமே சாத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். நாலு வருஷமாக என்னிடம் வேலை செய்தவளின் வீடு எது என்று எனக்குத் தெரியாது. விசாரித்துத்தான் கண்டுபிடித்தேன்.

அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பக்கத்துக் குடிசையில் ஷம்ஷாத் என்ற அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஜூஸ் கட சாரா? வளையல கயட்ட சொன்னது நீதானா?"

ஆமாம் என்றேன்.

"அவ ஊட்டுக்காரரு லாரிக்குப் போயி ஆறு வருசம் ஆவுது. லெட்டரு இல்ல, தாக்கல் இல்ல. வண்டி கவுந்து பூட்டான்னு ஒர்த்தன் சொன்னான். மாமியா ஊட்டு ஆளுங்கோ வந்து, இன்னும் எதுக்கு வளையலு, கயட்டி எறின்னு நின்னாங்கோ. கொடத்துத் தண்ணிய அவங்கோ மூஞ்சிலயே ஊத்தி தொரத்துனா. ஒரு வளையலு ஒடஞ்சா, சோறு துன்றாளோ இல்லியோ, அன்னிக்கே வேற ஒண்ணு வாங்கிப் போட்டுக்குவா. வெறுங்கையா அவள நான் பார்த்ததில்ல. நீ கயட்டுங்கற."

புருஷன் எங்கே என்று நான் ஒருமுறை கேட்டது உண்டு. "வண்டிக்குப் போயிகீறாரு" என்றாள். லாரிக்காரர்கள் போவதும் வருவதும் சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். எத்தனை நாளாகப் போயிருக்கிறார் என்று அடுத்த கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. உசிரா போயிடும் என்று பதினைந்து பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

முனியம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். பின்னால் அவள் பெண் நிஷா, பள்ளிக்கூடப் பையோடு.

"நான் சொன்னது தப்பு, முனியம்மா. தெரியாம சொல்லிட்டேன். தெரிஞ்சுக்காம இருந்ததும் தப்பு" என்றேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "நீ இன்னா சார் பண்ணுவ. கயட்டுனா, நிஷா நைனா செத்துட்டாருன்னு நானே சொன்னாப்பல ஆவும். அவரு வரவரைக்கும் கையி காலியா இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

"நாளைக்கு வேலைக்கு வா."

"அந்தக் கெளாசு கீதே? அத்த யாரு கயுவறது?"

அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. என் கையைப் பார்த்துக் கேட்டாள். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு மோதிரம்கூட இல்லாத கை. ஹனீஃபா பாய் கடையில் அடிவரை போய் வந்த கை. மூன்று மாதமாகப் பிரஷ், குச்சி, வெந்நீர் என்று அலைந்திருக்கிறேன். இந்தக் கிளாஸை நானே கழுவலாம் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் கழுவியிருந்தால் அல்லவா தோன்றும்!

"நான் கழுவறேன்" என்றேன்.

முதலில் ஷம்ஷாத் சிரித்தாள். அப்புறம் நிஷா. கடைசியில் முனியம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து நான்காவதாக ஒரு வாளி வந்தது, அது என்னுடையது. விஷயம் வீட்டுக்குப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. என் மனைவி நேரிலேயே கடைக்கு வந்து பார்த்தாள். "ஆத்துல குடிச்ச காப்பி டம்ளரை நகர்த்தி வெக்க மாட்டேள். இங்க வந்து ஊரார் எச்சிலைத் தேச்சுண்டு இருக்கேளா?" என்றாள். அன்று ராத்திரி அவள் காப்பி டம்ளரையும் நானே கழுவி வைத்தேன். சமாதானத்துக்கு வேறு வழி தெரியவில்லை.

முனியம்மாள் எனக்கு மேஸ்திரியானாள். நான் கழுவிய ஒவ்வொரு கிளாஸையும் டியூப்லைட்டில் தூக்கிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள். "சார், இது கீச்சுன்னு சொல்லிச்சா? பொய் சொல்லாத" என்று பத்தில் நாலைத் திருப்பி என் வாளியில் போடுவாள். வாடிக்கையாளர்களுக்கு இது பெரிய வேடிக்கை. அந்த நாலு மாதங்களைப்போல நான் சந்தோஷமாக வேலை செய்தது கிடையாது. ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன், அங்கே யாரும் என்னை இவ்வளவு அக்கறையாகத் திட்டவில்லை.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி இருக்கும். கடையில் கூட்டமில்லை. அவள் தம்பி அறிவு, ஆட்டோ ஓட்டுகிறவன், வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வந்தான். நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். "நீ இரு சார்" என்றாள் முனியம்மாள்.

"யக்கா, மாமா நெல்லூர்ல கீறாரு. கிளீனர் பையன் ஒர்த்தன் சொன்னான். நம்பாம நானே போயி பாத்துட்டு வரேன்."

அவள் கை தண்ணீருக்குள் இருந்தது. எடுக்கவில்லை.

"நல்லா கீறாரா? கை காலு எல்லாம்?"

"நல்லா கீறாரு. பஞ்சர் கட போட்டுகீறாரு." அறிவு தரையைப் பார்த்தான். "அங்க ஒரு பொம்பள கீதுக்கா. ரெண்டு புள்ளைங்கோ. பெர்சுக்கு அஞ்சு வயசு இருக்கும்."

"ஒன்ன பாத்து இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. டீ வாங்கிக் குடுத்தாரு."

"நிஷாவ கேட்டாரா?"

அறிவு திரும்பி ஆட்டோவைப் பார்த்தான். அப்புறம் சவாரி இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். அந்த மனுஷன் மட்டும் கையில் கிடைத்திருந்தால், அறுபது கிலோ எடையோடு நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது, ஆனால் ஏதாவது செய்திருப்பேன். ஒரு டம்ளர் மோர் ஊற்றி அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"அவன் பேரு சேட்டு சார்" என்றாள்.

நாலு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை. நிஷா நைனா என்பாள், அவரு என்பாள். பெயரைச் சொல்லிவிட்டு, சோப்புத் தண்ணீரை அள்ளி இரண்டு கையிலும் பூசினாள். இடது கை வளையல்களை ஒவ்வொன்றாக, ஒன்றுகூட உடையாமல், உருவி எடுத்து மேடையில் வைத்தாள். அப்புறம் வலது கை. மணிக்கட்டைச் சுற்றி வெளுத்த வளையம் ஒன்று இருந்தது.

"இருக்கட்டும்மா, போட்டுக்கோ. அவர்தான் உயிரோட இருக்காரே" என்றேன்.

"செத்திருந்தா நாலு பேரு வந்து ஒடச்சிருப்பாங்கோ. அவன் சாவல. அதான் நானே கயட்டிட்டேன்" என்றாள். "நவுரு சார்."

என் வாளியிலிருந்து ஒரு முறுக்குக் கிளாஸை எடுத்தாள். கையை உள்ளே விட்டாள். முறுக்கெல்லாம் தாண்டி விரல் அடிவரை தடையில்லாமல் போனது. அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினாள். கீச்சென்றது.

எனக்குக் கண் நிரம்பிவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அடுத்த கிளாஸை எடுத்தாள். அன்றைக்கு வாளியில் பதினோரு கிளாஸ் இருந்தன. பதினொன்றையும் அவளே கழுவினாள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து வைத்தேன்.